கிருமிக்குப் போட்ட பட்டினி

"சாப்பாட்டை நிறுத்திட்டா இந்தக் கிருமிங்க செத்துராதா மேடம்?"னு கம்பெனி லேப்ல நின்னு மேனேஜர் கேட்டாரு.

லேப் மேடம் குடுவையைத் தூக்கிக் காட்டினாங்க. "சாகாது சார். பசியெடுத்தா தன்னைச் சுத்தி கெட்டியா ஒரு ஓடு கட்டிக்கும். அப்புறம் கொதிக்கிற தண்ணியையே தாங்கும்."

மேனேஜருக்குப் பொறி தட்டிருச்சு. வெள்ளிக்கிழமை முதலாளி வர்றாரு. ஆளுங்க மந்தமா இருந்தா உங்களை வீட்டுக்கு அனுப்பிருவேன்னு போன்லயே சொல்லியிருந்தாரு.

அந்தத் திங்கக்கிழமையே கேன்டீனுக்குப் பூட்டு. ஃபேன் ஓடாது. டிபன் பாக்ஸ் கேட்டைத் தாண்டாது.

"இது அநியாயம் சார்"னாங்க டைப்பிஸ்ட் அக்கா.

"கண்ணுக்குத் தெரியாத கிருமியே தாங்குதும்மா. ஆறடி வளர்ந்த நமக்கு என்ன கேடு?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி உள்ளே நுழைஞ்சாரு. இருபத்திரெண்டு பேரும் மேசை மேல தலையைச் சாய்ச்சுக் கிடந்தாங்க. போன் அலறிக்கிட்டே இருக்கு, எடுக்க ஒரு கை நீளலை.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து லேபுக்கு ஓடினாரு. "என்ன மேடம் இது? கெட்டியாயிட்டா மாடா உழைக்கும்னுதானே நெனச்சேன்!"

மேடம் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "அதை நீங்க கேக்கவே இல்லையே சார்! ஓட்டுக்குள்ள போன கிருமி ஒரு துரும்பைக்கூட அசைக்காது. திரும்பச் சத்து கிடைக்கிற வரைக்கும் தூங்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"வருஷக்கணக்கா."

பின்னாடியே வந்து நின்ன முதலாளி மேனேஜர் தோள்ல கை போட்டாரு.

"அப்ப நீங்களும் வீட்டுல போய்த் தூங்குங்க. கேன்டீன் சாவியை மட்டும் மேடம்கிட்ட கொடுத்துட்டுப் போங்க."