கோலப்பனின் லீவு

பட்டாளத்தில் இறந்த அப்பா கோலப்பனின் பதிவைத் தேடி, 1953-இல் உலகம்மை திருவனந்தபுரத்துப் பழைய ரிக்கார்டு அறைக்குப் போனாள். முதல் உலகப் போர், பாஸ்ராவில் மரணம், 1917 என்றிருந்தது. அவள் பிறந்தது 1920 மே மாதம்.

கிளார்க் அடுத்த வரியை வாசித்தார். "1919 ஆகஸ்ட், பத்து நாள் லீவு, வீட்டுக்கு. மரிச்ச ஆளுக்கு லீவோ? எழுதினவனுக்குத் தெற்றிப்போச்சு!" என்று சிரித்தார்.

உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குத் திரும்பி, அம்மாவிடம் இரண்டு வரிகளையும் சொன்னாள்.

சிவகாமியம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"பத்து நாளும் ஒங்கப்பா ஒரு வாய் சோறு உண்ணல்ல மக்கா" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்த வருசம் லீவு எழுதீருக்கா?"