முச்சந்தி எலுமிச்சம்பழம்

"யாருன்னு மட்டும் தெரியட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் வுடுவேன்!"

விடியற்காலை ஐந்து மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார் பன்னீர்செல்வம். நெய்வேலி சுரங்கத்தில் டெக்னீஷியன். பெர்மனென்ட் வேலை, ஜெனரல் ஷிப்ட். வாய் மட்டும் மூணு ஷிப்டும் ஓடும்.

"மெதுவா பேசுங்க, பாப்பா தூங்குது" என்றாள் அவர் மனைவி மலர்விழி.

"பாப்பாவுக்காகத்தாண்டி போறேன்!"

விஷயம் இதுதான். அவர் குவார்ட்டர்ஸ் தெரு மெயின் ரோட்டில் போய்ச் சேருகிற முச்சந்தியில், ஒன்பது நாளாக யாரோ செய்வினை வைக்கிறார்கள். அறுத்த எலுமிச்சம்பழம், அதன்மேல் அப்பிய குங்குமம், பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலை. அதுவும் ஒரு இடத்தில் இல்லை, ரோட்டில் மூன்று இடத்தில்! எடுத்துப் போட யாருக்குத் தைரியம் வரும்? குப்பை வண்டிக்காரர்கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறார்.

பன்னீர்செல்வத்தின் மகள் இசைப்பிரியா நாலாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் சைக்கிளில் அந்த முச்சந்தியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகணும். போன மாதம் பைக்கில் வந்த ஒருத்தன் உரசிவிட்டுப் போனதில் குழந்தைக்கு முட்டியில் மூன்று தையல். பெத்த மனசு சும்மா இருக்குமா? மறுநாளே வீடு வீடாக ஏறி இறங்கி, இருநூறு கையெழுத்து வாங்கி, வேகத்தடை கேட்டு டவுன்ஷிப் ஆபீசில் மனு கொடுத்தவரே பன்னீர்செல்வம்தான். 'கட்டாயம் போடுறோம், மழைக்காலம் முடியட்டும்' என்று சொல்லியிருந்தார்கள். மழை முடிவதற்குள் இந்தக் கூத்து.

"வண்டிக்குப் பயந்துகினு இருந்தது போதாதுன்னு இப்ப இந்தக் கருமம் வேற. கொழந்தை தெரியாம மிதிச்சிட்டா என்னாவறது?"

அவருக்குச் சந்தேகமெல்லாம் எதிர் குவார்ட்டர்ஸ் மருதாசலத்தின் மேல்தான். முருங்கைக் கிளையை வெட்டிய தகராறில் இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேறு யார் செய்வார்கள்?

முச்சந்தியில் இருந்த புங்க மரத்துக்குப் பின்னால் பதுங்கினார். கொசு பிடுங்கி எடுத்தது. கால் மணி நேரம் போயிருக்கும், ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் உருவம் இறங்கி, ரோட்டில் இரண்டு இடத்தில் பழத்தை வைத்துவிட்டு, பையிலிருந்து மூன்றாவது எலுமிச்சம்பழத்தை எடுத்தது.

ஒரே பாய்ச்சல்!

"மாட்டிக்கினியா! எடு ஹெல்மெட்டை!"

ஹெல்மெட் கழன்றது. பன்னீர்செல்வம் இரண்டடி பின்வாங்கினார்.

ருக்குமணி டீச்சர்!

இசைப்பிரியா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இந்த ஸ்கூட்டியையே ராகு காலத்தில்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று எடுத்தவர். எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வரவைக்கிற தில்லாலங்கடி வேலையை ஆண்டு விழா மேடையில் செய்து காட்டி, மிச்சப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் குடித்துவிட்டு இறங்கிய ஆள்.

"டீச்சர்... நீங்களா? உங்களுக்கு யாரு மேல இவ்ளோ கோவம்?"

"யார் மேலயும் இல்ல சார். கொஞ்சம் நகருங்க, மூணாவது பழத்தையும் வச்சிடுறேன்."

காலடியால் தூரத்தை அளந்து, பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார் டீச்சர்.

"பிள்ளைங்க போற இடம், மெதுவாப் போங்கன்னு போர்டு எழுதி வச்சேன். ஒருத்தரும் பார்க்கல. சிவப்புத் துணியைப் பிடிச்சிக்கிட்டு நானே நடுரோட்ல நின்னேன். ஹாரன் அடிச்சிட்டுப் போனாங்க. மறுநாள் இந்தப் பழத்தை வச்சேன். அவ்வளவுதான்! புல்லட்ல வர்றவர்கூடக் காலை ஊன்றி, வளைஞ்சு வளைஞ்சு உருட்டிக்கிட்டுப் போறாரு. வேகத்தடை வர்ற வரைக்கும் இது இருக்கட்டுமேன்னு..."

பன்னீர்செல்வம் யோசித்துப் பார்த்தார். நெசந்தான். ஒன்பது நாளாக இந்த முச்சந்தியில் ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை.

"அந்த வேப்பிலை?"

"உங்க வீட்டு மரத்துதான் சார். தினம் உங்க பொண்ணுதான் பறிச்சிட்டு வந்து குடுக்குறா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ், பயந்துடுவாருன்னு சொன்னா."

அடி கள்ளி! பன்னீர்செல்வத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. டீச்சரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எம்பொண்ணைக் காப்பாத்திகினு இருக்கீங்க, உங்களைப் போயி... மன்னிச்சிடுங்க டீச்சர்." சட்டென்று மறுபடியும் கோபம் ஏறியது. "ஆனா அப்படி ஓட்டற பாவிங்க எவனுங்க? அவனுங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லியா? ஒருத்தன் பேரைச் சொல்லுங்க, வூட்டுக்கே போயி நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

"வேணாம் விடுங்க சார்."

"சும்மா சொல்லுங்க டீச்சர், நான் பார்த்துக்கறேன்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"முதல் நாள் பழம் வேலை செய்யுதான்னு பார்க்க இங்கேயே நின்னேன். எட்டு இருபது இருக்கும். ஹெல்மெட்டுக்குள்ள செல்போனைச் செருகிப் பேசிக்கிட்டே ஒரு பைக் சர்ருன்னு பறந்து வந்துச்சு. பழத்தைப் பார்த்ததும் கிறீச்சுன்னு பிரேக். இறங்கி, கன்னத்துல போட்டுக்கிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டே போனாரு."

"ஆரு டீச்சர் அது?"

"நீங்கதான் சார்."

பன்னீர்செல்வம் ரோட்டைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், அசடு வழிந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே டீச்சரின் பையைக் காட்டினார்.

"எனக்குன்னு தனியா இன்னும் ரெண்டு பழம் சேர்த்து வச்சிடுங்க டீச்சர்!"