குளத்தங்கரைத் தடங்கள்

முன்பெல்லாம் அந்தக் குளத்துக்கு யார் வந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் எருமை வந்து கரைச் சேற்றில் புரளும். அன்றைய கால்தடமெல்லாம் அதோடு அழிந்துவிடும். அந்த நிம்மதியே தனி.

தொலைந்துபோன முயல்குட்டி ஒன்றைத் தடம் பார்த்துக் கண்டுபிடித்த பிறகு, காட்டு ராஜாவின் உத்தரவு வந்தது. தண்ணீர் குடிப்பவர்கள் களிமண்ணில் காலைப் பதிக்க வேண்டும். நரி அதை வெட்டியெடுத்துக் காயவைத்து அரண்மனைக்கு அனுப்பும். எருமை இனிப் புரளக் கூடாது.

ஒரு நாள் மான் தன் புதுக்குட்டியோடு தள்ளியே நின்றது.

"என்ன தாயி, தாகமில்லையா?" என்றது எருமை.

"குட்டி பிறந்தது யாருக்கும் தெரியாதுண்ணே."

"தெரிஞ்சா என்ன? முயல்குட்டி கிடைச்சது இதாலதானே?" என்றது நரி.

"கிடைச்சது சந்தோஷம்தான். ஆனா அரண்மனையில சிறுத்தையும் இருக்கே."

"நீங்க குடிங்க தாயி" என்றது எருமை.

இரண்டும் குடித்துவிட்டுப் போயின. பெரிய தடத்துக்குப் பக்கத்தில் சின்னத் தடம். நரி குனிவதற்குள் எருமை பழையபடி ஆசைதீரப் புரண்டது.

"ஐயோ, யார் வந்ததுன்னு நான் என்ன சொல்லுவேன்?"

"நான் வந்தேன்னு சொல்லு. முழு உடம்பையும் பதிச்சிருக்கேன். தூக்கிட்டுப் போய்க் காயவை."