நிரம்பாத பேட்டரி

"இம்புட்டு வெயில் அடிக்குது, நாலு பேட்டரியும் பாதிகூட ஏறல!"

திண்டுக்கல் பக்கத்து எரியோட்டில், வீட்டுக்குப் பின்னால் தானே கட்டிய பாய்மரப் படகுக்குள்ளிருந்து கத்தினார் கிறிஸ்துராஜ். பாதி ஆயுளைக் கப்பலில் எலக்ட்ரீஷியனாகக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

"கடலே இல்லாத ஊர்ல படகு கட்டினா அப்படித்தான்" என்றாள் மனைவி அன்னாள், துணி காயப்போட்டபடி. "கொடி கட்டக்கூட இடமில்ல. இந்தச் சனியன் எப்பத்தான் வாசலைத் தாண்டும்?"

"பேட்டரி நிரம்பின மறுநாளே லாரியில ஏத்திருவேன். தூத்துக்குடியில இறக்கி, கொச்சி வரைக்கும் ஒத்தையாப் போறேன். பேட்டரி இல்லாமக் கெளம்பினா ராத்திரி லைட்டு எரியாது. பெரிய கப்பல்காரன் பார்க்காம மேல ஏத்திட்டுப் போயிருவான்."

"போங்க, போய்த் தொலைங்க. நானாவது நிம்மதியா இருப்பேன்."

அவர் சோலார் தகட்டைத் துடைத்தார். ஒயரை மாற்றினார். நிழல் விழுகிறதோ என்று பாயைக்கூடச் சுருட்டிக் கட்டினார். மீட்டர் முள் அசையவில்லை.

"கடைக்காரன் பழைய பேட்டரியை என் தலையில கட்டிட்டான்! திண்டுக்கல் போயி அவனை ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வாரேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அன்னாள் படகின் பேட்டரிகளோடு இணைத்திருந்த இன்வெர்ட்டரில் ஒரு ஒயரைச் செருகி, வழக்கம்போல அடுப்படி வரை இழுத்து வந்து கிரைண்டரைப் போட்டாள்.

கிரைண்டர் கடகடவென்று சுற்றியது. உள்ளே ஒரு அரிசிகூட இல்லை.