ஐந்து மணிக்கு ஜாஸ்

சிவப்பு விளக்கைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தியநேசன் அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"அன்பான நேயர்களே, ஞாயிறு மாலை ஐந்து மணி. இது உங்கள் ஜாஸ் நேரம். இன்றைக்கு ஐம்பதாவது வாரம்."

சேரன்மகாதேவியில் அவருக்கு ரைஸ்மில் இருக்கிறது. எங்கள் சமுதாய வானொலிக்கு ஏ.சி. வாங்கிக் கொடுத்தவர். அதனால் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் அவருக்கு. ஒலியைக் கவனிப்பது நான்.

ஐம்பதாவது வாரம் என்று மில் லோடுமேன்கள் ஆறு பேரை டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். நேயர்களாம். குளித்து, சலவைச் சட்டை போட்டு, சுவரோரமாக நின்றார்கள். நாற்காலிகள் சும்மா கிடந்தன.

இந்த ஆறு பேரில் ஒருத்தர் உண்மையைச் சொன்னால் போதும், என் வேலை போய்விடும்.

அண்ணாச்சி பேச்சைத் தொடங்கினார். பருத்திக்காட்டில் மூட்டை சுமந்த கறுப்பு மனிதர்களின் வலியில் பிறந்த இசை என்றார். ஒரு டிரம்பெட்காரரைப் பற்றிச் சொன்னார். உதடு வெடித்து ரத்தம் வழிந்தாலும் ஊதுவதை நிறுத்த மாட்டாராம். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

என் அப்பாவும் டிரம்பெட்தான். பேச்சிராஜ். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்.

2006இல் அண்ணாச்சியின் தங்கச்சி கல்யாணம். அப்பா விடியக்காலையிலிருந்து நின்று ஊதினார். ஊர்வலம் மண்டபத்துக்கு வந்ததும், கால் கடுத்துப்போய், மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஒரு பாட்டு ஊதினார்.

சத்தியநேசன் வந்து டிரம்பெட்டின் அகன்ற வாயில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

மேல்பல் இரண்டு போயிற்று. யாரோ கொடுத்த ஐஸ்கிரீம் கப்போடு நான் அங்கேதான் நின்றேன்.

முன்பல் இல்லாதவன் டிரம்பெட் ஊத முடியாது. காற்று நிற்காது. கட்டுப்பல் வைத்துப் பார்த்தார், அது கழன்று குழலுக்குள் விழுந்தது. அப்புறம் அதே மில்லில் மூட்டை தூக்கப் போனார். வேறு எங்கே போவது? ஐந்து வருஷத்தில் இடுப்பும் போயிற்று.

ஜாஸ் நேரம் தொடங்கிய அன்றைக்கு அண்ணாச்சி என்னிடம் கேட்டார், நீ யார் மகள் என்று.

"பேச்சிராஜ் மவ."

"எந்தப் பேச்சிராஜ்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

அன்றைக்கே சுவிட்சைத் திருப்பினேன்.

அவர் மைக்கில் பேசுவது அவர் ஹெட்போனில் கேட்கும். எனக்கும் கேட்கும். டவருக்குப் போகாது. ஐந்திலிருந்து ஐந்தரை வரை டவருக்குப் போவது என் கம்ப்யூட்டரில் ஓடும் சினிமாப் பாட்டு. பீடி சுற்றும் பெண்கள் வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்பியவை. ஐம்பது வாரமாகச் சத்தியநேசன் என் ஒருத்தியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். நானும் முழுசாகக் கேட்பதில்லை.

அவர் பெண்டாட்டிக்கு அந்நேரம் சர்ச்சில் பெண்கள் கூட்டம். பிள்ளைகள் மஸ்கட்டில். நிலைய மேலாளர் ஞாயிறு வரமாட்டார். கடைத்தெருவில் விசாரித்தால், "கேட்டேன் அண்ணாச்சி, அருமை" என்பார்கள். மில் முதலாளியிடம் கேட்கவில்லை என்று எவன் சொல்வான்?

இசைத்தட்டு முடிந்தது. அண்ணாச்சி கையை ஆட்டினார்.

"ஏலே சங்கிலி, இங்கன வா. தவறாம கேக்கியாலே?"

சங்கிலிபூதத்தான்தான் ஆறு பேரில் மூத்தவர். வந்து மைக்கருகே குனிந்தார்.

"ஒரு வாரம் விட்டதில்ல மொதலாளி."

"எது புடிச்சிருக்குன்னு சொல்லு."

"அந்த ஊதுதது மொதலாளி. நெஞ்சப் பிசையுது. அதவிட உங்க பேச்சு."

பின்னாலிருந்து இன்னொரு லோடுமேன், மகாராஜன், கழுத்தை நீட்டினார். "எங்க தெருவே கேக்கு மொதலாளி. அஞ்சரை வரைக்கும் நாய்கூட குலைக்காது."

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சங்கிலி, ஒம் பொண்டாட்டி வீட்டுல கேட்டுக்கிட்டு இருப்பாள்லா? ரெண்டு வார்த்த பேசு."

சங்கிலிபூதத்தான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஏ ஆறுமுகத்தாயி, நாந்தான் பேசுதேன். சத்தத்தக் கூட்டி வச்சுக் கேளு. மொதலாளி பக்கத்துலதான் இருக்காவ."

பிழைத்தேன். ஆனால் எரிச்சலாகவும் இருந்தது. ஒருத்தருக்குக்கூட நாக்கு தடுமாறவில்லை. மூட்டை சுமக்கிற முதுகு பொய்க்கும் இப்படி வளையுமா என்று நினைத்தேன். அப்பாவின் பல் போன அன்றைக்கும் எல்லோரும் இப்படித்தான் சுற்றி நின்றார்கள்.

ஐந்தரைக்கு விளக்கை அணைத்தேன். அண்ணாச்சி ஹெட்போனைக் கழற்றிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனசு நெறஞ்சு போச்சும்மா. அடுத்த வாரம் பார்ப்போம்" என்று காருக்குப் போனார்.

லோடுமேன்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சங்கிலிபூதத்தான் மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் நின்றார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் என் பக்கம் வந்து, பைய கேட்டார்.

"தாயி, நான் அங்கன கத்துன நேரத்துல ஆறுமுகத்தாய் என்ன பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தா?"