மிஜோங் அம்மா வழியனுப்பும் விதம்

மிஜோங் அம்மாவின் கண்ணில் படாமல் கிளம்பிவிட வேண்டும் என்று கும்ஜா விடியும்போதே முடிவு செய்திருந்தாள்.

பையைக் கட்டியாகிவிட்டது. டாக்சிக்கும் சொல்லியாகிவிட்டது. புருஷன் மான்சிக்தான் வாசல் பலகையில் உட்கார்ந்துகொண்டு, ஒற்றை ஷூவுக்குள் காலை நுழைக்க ஒரு யுகமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் மாட்டி விடறேன்னாலும் விட மாட்டேங்கறீங்க. டாக்சி வந்துடும்."

"வந்தா நிக்கட்டும். அஞ்சு நாள் சோறு போட்டவகிட்ட சொல்லிக்காம ஓடினா நல்லாவா இருக்கும்?"

சியோலில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சந்து முழுக்க இப்படிப்பட்ட வீடுகள்தான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்துக்கொள்ள வெளியூரிலிருந்து வருகிற நோயாளிகளுக்குப் பாய் விரிக்கிற அளவில் ஓர் அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. மிஜோங் அம்மாவின் வீட்டில் ஒன்பது அறைகள்.

அந்த வீட்டில் யாரும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல மாட்டார்கள். "போறேன்" என்பதுதான் அங்கே மரியாதை.

வீட்டுக்காரியும் வாசல்வரை வந்து, இடுப்பில் கை வைத்து, சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி ஒரு சத்தம் போடுவாள்: "போங்க, போங்க! இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அந்தத் திட்டை வாங்காமல் போனால் வைத்தியம் பலிக்காது என்று அங்கே தங்குகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ரயிலைத் தவறவிட்டாலும் விடுவார்கள், திட்டு வாங்காமல் போக மாட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கும்ஜாவும் வாய் நிறையச் சிரிப்போடு வாங்கிக்கொண்டு போனாள். ப்ராஸ்டேட்டில் இருந்த புற்று மான்சிக்கின் முதுகெலும்புக்கு ஏறியிருந்த சமயம் அது. பத்து நாள் கதிர் வைத்தார்கள். வலி விட்டது. மனிதர் ஊரில் தன் நாரத்தைத் தோட்டத்தில் மறுபடி ஏணி போட்டு ஏறினார். கீழே நின்று அவரைத் திட்டுவது கும்ஜாவுக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது.

இந்த வருஷம் காய் பறிக்கிற நேரத்தில் அதே எலும்பில் அதே வலி. அதே ஆஸ்பத்திரி, அதே வீடு, அதே தெற்கு ஜன்னல் அறை. இந்தத் தடவை ஐந்து நாள். நேற்றோடு முடிந்தது.

கும்ஜாவுக்கு அலுத்துவிட்டது. எழுபத்து மூன்று வயதில் தன் உடம்போடு இன்னொருவர் உடம்பையும் சேர்த்துச் சுமந்தால் யாருக்குத்தான் அலுக்காது.

முந்தாநாள் டாக்டர் அவளை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். எலும்பு தாங்கும், அதற்குள் ஓடும் தண்டுவடம் தாங்காது. இரண்டு தடவையோடு அது தாங்கும் கதிரின் அளவு நிறைந்துவிட்டது. இதற்கு மேலே வைத்தால் கால் இரண்டும் விழுந்துவிடும். அதனால் மூன்றாம் தடவை என்பது கிடையாது. இனி வலி வந்தால் மாத்திரைதான், ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அவள் அதை மான்சிக்கிடம் சொல்லவில்லை. யாரிடமுமே சொல்லவில்லை.

இந்த வீட்டுக்கு இனி வரப்போவதே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் "வராதே" என்கிற வாழ்த்தை எந்தக் காதால் கேட்பது? கேட்டால் அழுதுவிடுவாள். அழுதால் அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை அவசரமும் அதற்குத்தான்.

நல்லவேளையாக மிஜோங் அம்மா பின்கட்டில் கிம்ச்சி ஊறுகாய் போடும் வேலையில் இருந்தாள். குளிர்காலம் முழுமைக்கும் இருநூறு கோஸ், ஒவ்வொரு இலைக்கும் மிளகாய் விழுது தடவ வேண்டும், லேசில் எழுந்து வர மாட்டாள். இந்த ஐந்து நாளும் மான்சிக் அவள் பக்கத்தில் அடியில் சூடேற்றிய தரையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மலை மலையாகப் பூண்டு உரித்துக் கொடுத்தார். மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று கும்ஜாவும் விட்டுவிட்டாள்.

ஒருவழியாக ஷூ ஏறியது. தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. கும்ஜா கதவில் கை வைத்தாள்.

"மிஜோங் அம்மா!" மான்சிக் உள்பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினார். "நாங்க கிளம்பறோம்!"

பாவி மனுஷன் என்று கும்ஜா பல்லைக் கடித்தாள்.

மிஜோங் அம்மா முழங்கைவரை சிவப்பாக வந்து நின்றாள். இடுப்பில் கை வைக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"அக்கா, அடுத்த வருஷமும் வரணும். தெற்கு ஜன்னல் ரூமை வேற யாருக்கும் விட மாட்டேன்."

கும்ஜா விறைத்துப்போனாள். அந்த வாசலில் யாருக்குமே சொல்லாத வார்த்தை.

சொன்னவள் கும்ஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டோமா என்று வாத்தியாரைப் பார்க்கிற பிள்ளை மாதிரி மான்சிக்கைப் பார்த்தாள். அவர் தலையைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக அசைத்தார்.

ஐந்து நாளும் அங்கே உட்கார்ந்து பூண்டு மட்டும் உரிக்கவில்லை மனிதர்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கும்ஜா அவரைக் கேட்கவில்லை.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கறே, கையைக் குடு" என்றார் அவர்.

அவள் கொடுத்தாள். அவர் எழுந்து நிற்க வெகுநேரம் பிடித்தது. வாசப்படியைத் தாண்டியதும் கும்ஜா திரும்பி, அந்த வீட்டில் யாரும் சொல்லாததைச் சொன்னாள்.

"போயிட்டு வர்றோம்."