வெட்டக் கூடாத இடங்கள்

'கத்தரி எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று செல்போன் திரையின் அடியில் வந்தது.

அவள் கையிலிருந்த மெழுகு வழிக்கும் கத்தியைக் கீழே வைத்தாள். மேசையில் யாரோ ஒரு பெரியவருக்கான பல்செட், மேல்வரிசை மட்டும் முடிந்து, பாதிச் சிரிப்போடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருக்கட்டும்.

பல்செட் செய்வது வயிற்றுப்பாட்டுக்கு. மற்ற நேரமெல்லாம் அவள் ஓர் இணையக் குழுவின் நிர்வாகி. பாதியில் நின்றுபோன பழைய விண்வெளித் தொடர் ஒன்றின் ரசிகர்கள், மிச்சக் கதையைத் தாங்களே படமெடுத்துப் போடும் குழு. அட்டைப்பெட்டி விண்கலமாகும், தகர டப்பா தலைக்கவசமாகும், கொல்லைக் குழாயடி வேற்றுக்கிரகமாகும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லாம் புனைபெயர்தான்.

ஒரு காலத்தில் கலகலவென்று இருந்த இடம். இப்போது ஈயாடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பாதிக் காரணம் கத்தரி. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவர் தொழில். அதில் கில்லாடி. பேச்சும் அப்படியே, வெட்டு ஒன்று துண்டு இரண்டு. 'இதுக்குப் பேர் படமா?' என்று அவர் கேட்டதோடு இரண்டு புதியவர்கள் போன இடம் தெரியவில்லை.

போன வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தாள்.

"அப்ப நான் பொய் சொல்லணுமாம்மா?" என்று எகிறினார்.

"பொய் வேண்டாம் சார். உண்மையைப் பாதியில நிறுத்தாதீங்கன்னுதான் சொல்றேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

இன்று காலையில்தான் 'ஊசித்தும்பி' என்ற புதிய உறுப்பினரின் முதல் படம் வந்திருந்தது.

விண்கலம் விழப்போகிறது. முகத்தை மறைக்கும் தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு பெண் பூமிக்குக் கடைசித் தகவல் சொல்கிறாள். அவளுக்குத் திக்குகிறது. அது நடிப்பில்லை. ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் மாட்டிக்கொண்டு, இழுத்து, பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆனாலும் கடைசிச் சொல்வரை சொல்லித்தான் முடிக்கிறாள்.

நிர்வாகி அதைப் பேருந்தில் நின்றபடியே பார்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விட்டாள்.

மத்தியானம்வரை குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் ஒவ்வொருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று இருந்திருப்பார்கள். அவளே எழுதியிருக்கலாம். எழுதப் போனால் கை ஓடவில்லை.

கத்தரியின் முதல் வரி வந்து விழுந்தது.

'ஒலி மோசம்.'

போச்சு.

விரல் நேராக நீக்கும் பொத்தானுக்குப் போனது. ஒரு தட்டு தட்டினால் அந்த வரி இருந்த சுவடே இருக்காது. ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டவளே அவரைப் பாதியில் வெட்டலாமா? திரையில் கத்தரி இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

பக்கத்து மேசையில் பல் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, முகமெல்லாம் வெளிறிப் போச்சு? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. சும்மா."

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

இரண்டாவது வரி வந்தது. 'வெறும் தரை எதிரொலிக்குது. அடுத்த தடவை கனமான போர்வை ஒண்ணை விரிச்சு, அது மேல நின்னு பேசுங்க.'

மூன்றாவதற்கு அவர் நேரமெடுத்துக்கொண்டார். எழுதினார். நிறுத்தினார். மறுபடி எழுதினார்.

'வார்த்தை தடுக்கி நிக்கிற இடங்களை மட்டும் யார் சொன்னாலும் வெட்டாதீங்க. வெட்டறதே பிழைப்பா இருக்கிற நானே அங்க கை வைக்க மாட்டேன். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தேன்.'

அதற்கும் கீழே, 'அடுத்த படம் எப்போ?'

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. விண்வெளி உடை தைத்துத் தருகிறேன், அளவு சொல்லுங்கள் என்று ஒரு தையல்காரர் வந்தார். லாரி இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பட்டுமா, விண்கலத்துக்குப் பொருந்தும் என்றார் ஓர் ஓட்டுநர். பல மாதமாக எட்டிக்கூடப் பார்க்காத ஒருவர், தானும் ஒரு படத்தைப் பாதி எடுத்து வைத்திருப்பதாகவும், அதைப் போடலாமா என்றும் கூச்சத்தோடு கேட்டிருந்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து விட்ட பெருமூச்சில் மேசையிலிருந்த அச்சு வார்க்கும் மாவுத்தூள் எழும்பிப் பக்கத்து மேசைக்குப் போனது. அங்கிருந்து ஒரு முறைப்பு வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது.

திரையிலிருந்த பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். தங்கை.

தங்கை யாரையும் போனில் கூப்பிடுவதில்லை. கடைக்காரரானாலும் சரி, கூடப் பிறந்த அக்காவானாலும் சரி, எழுதித்தான் அனுப்புவாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். வீட்டுக் கணினியில் குழுவின் பக்கத்தை மூட மறந்தவள்போல அக்கா அடிக்கடி வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு வந்ததோ, அங்கே நிர்வாகி யாரென்பதோ அவளுக்குத் தெரியாது.

எடுத்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"அ... அ... அக்கா. ந-நம்ம பெ... பெரிய போர்வை எங்க இருக்கு?"

"என் அலமாரியில, மேல் தட்டுல இருக்குடா. ஸ்டூல் போட்டு ஏறி எடு, பார்த்து."

எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.